சோதனைக்குப் போன க்ரீம்

எனக்கு நீர்த்த க்ரீம் பிடிக்காது. டப்பாவைச் சாய்த்தால் சாய்த்த பக்கமே ஓடுகிற ஒன்றைக் க்ரீம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விரலில் எடுத்தால் கூம்பி நிற்க வேண்டும், தோலில் வைத்தால் இருந்த இடம் தெரியாமல் இறங்கிவிட வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று ஊரே சொல்லும். அதை ஒட்டவைப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு, மேடம்.

விசாரணை என்று வந்து கேட்டீர்கள், சொல்கிறேன். கண்ணைச் சுற்றித் தோல் வறண்டு உரிகிறவர்களுக்கென்று நாங்கள் ஒரு க்ரீம் போட்டோம். நல்ல க்ரீம்தான். வெயில் காலத்தில் மட்டும் எண்ணெய் பிரிந்து மேலே வந்து நின்றது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இதை ஒழுங்கா நிக்க வைங்கம்மா. உங்களால முடியலைன்னா பரவாயில்ல, சொல்லிடுங்க. வெளியில ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட குடுத்துடறேன்."

பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த க்ரீமின் கலவை முதல் துளியிலிருந்து நான் எழுதியது.

எண்ணெயையும் தண்ணீரையும் கட்டிப் பிடிக்கிற பொருளுக்கு எமல்சிஃபையர் என்று பெயர். அதைக் கூட்டினேன். போதாமல், கெட்டியாவதற்கு ஒரு பசைத்தூளும் சேர்த்தேன். கெடாமல் காக்கும் மருந்தை முன்பிருந்த அளவிலேயே விட்டேன். டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினேன். க்ரீம் ஒரு இழைகூட நகரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

பக்கத்து அறையில் கிருமி சோதிக்கிறவன் இருந்தான். ஆலை முழுக்க அவனுக்குக் 'கிருமி' என்றே பெயர். அவன் தலை தெரிந்ததும் பாக்கிங் பெண்கள், "கிருமி வருது, கையைக் கழுவுங்கடி" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். அவன் வேலை அவசரத்துக்கு வளையாத வேலை. க்ரீமில் வேண்டுமென்றே கிருமியைக் கலந்து வைப்பான். இருபத்தெட்டு நாள்வரை அவ்வப்போது கொஞ்சம் எடுத்துக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் பரப்பி, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவான். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனால் க்ரீம் தேறியது.

பதினாலாம் நாள் என் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, இறங்கினது மறுபடி ஏறுது."

"மருந்து அளவு குறைஞ்சிருக்கா?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க கூட்டின எமல்சிஃபையர் அதைத் தனக்குள்ள இழுத்து வச்சுக்குது. மிச்சத்தைப் பசை பிடிச்சுக்குது. கிருமி இருக்கறது தண்ணியில, அங்க மருந்தே இல்ல. காலையில கையெழுத்துப் போட்டுட்டு ஸ்டோர் ரூம்ல போய்த் தூங்கற ஆள் மாதிரிதான். பதிவேட்டுல இருக்கான், சீட்டுல இல்ல."

அவன் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இந்தத் தொழிலில் முதல் வருஷமே தெரிந்துகொள்வது அது. மருந்தைக் கூட்டலாம் என்றால், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் ஏற்கனவே நின்றோம். எமல்சிஃபையரைக் குறைக்கலாம் என்றால், க்ரீம் பழையபடி ஓடும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்காது. அதை முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வெளியில் இருக்கும் ஒருவரிடம் போய்விடும்.

சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி அவனுக்குப் புதிதாகக் கலந்து அனுப்பினேன். அதில் மட்டும் மருந்து இரண்டு மடங்கு. எமல்சிஃபையர் விழுங்கியது போக மீதி தண்ணீரில் தங்கியது. ஆலைக்குப் போன கலவைத் தாளில் பழைய அளவே இருந்தது. எனக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வாங்குகிறவர்கள் யாரும் டப்பாவுக்குள் கிருமியை அளந்து போடப் போவதில்லை. சோதனைதான் அநியாயத்துக்குக் கடுமை, உபயோகத்தில் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மனசார அப்படி நம்பினேன்.

மறுசோதனையின் இருபத்தெட்டாம் நாள் அவன் தட்டுகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஒன்னு கூட இல்லக்கா. எப்படிச் செஞ்சீங்க?"

"கலக்கற வரிசையை மாத்தினேன்."

"உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்றான். அறிக்கையில் கையெழுத்துப் போட்டான்.

முதல் சரக்கு வந்த வாரம் அவன் என் அறைக்கு வந்தான். அவனுக்கு ஏழு வயதில் ஒரு பெண். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். சுவர், கதவு, அப்பாவின் சட்டை, எதையும் விடாமல் படம் வரைகிற பிள்ளை. இமையெல்லாம் செதில் செதிலாக உரிந்து, ராத்திரி பகல் என்று இல்லாமல் சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தாள்.

"கடையில வாங்கறதுல நம்பிக்கை வரலக்கா. இது நானே சோதிச்சது. ஒரு டப்பா குடுங்களேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போ" என்றேன். அலமாரியைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஆலையிலிருந்து போகும்போது க்ரீம் சுத்தமாகத்தான் போகும். குளியலறை ஈரத்தில் திறந்து, ஈரக் கையை விட்டு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் உள்ளே ஏதாவது சேரும். மருந்து தண்ணீரில் இருந்தால் சேர்ந்தது சாகும். இல்லையென்றால் பெருகும். பார்க்க ஒன்றும் தெரியாது. அப்போதும் க்ரீம் அழகாகக் கூம்பி நிற்கும்.

மூன்றாவது வாரம் பிள்ளைக்கு வலது கண் சிவந்தது. சொறிந்த நகம் கருவிழியில் கீறியிருக்கிறது. தூசி என்று நினைத்து ஒரு நாள் விட்டார்கள். நாலாம் நாள் கருவிழி வெந்த முட்டை மாதிரி வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணை எடுக்கவில்லை. பார்வையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இப்போது படம் வரைகிறபோது தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்கிறாளாம்.

அவனே அந்த டப்பாவைக் கொண்டுவந்து தட்டில் பரப்பினான். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி பச்சையாகப் படர்ந்திருந்தது.

"நான்தான்கா எங்கயோ தப்பாச் சோதிச்சிருக்கேன். என் கையெழுத்தை நம்பி நானே என் பொண்ணு கண்ணுல பூசியிருக்கேன்."

நான் அவன் தோளில் கை வைத்தேன். பழியை ஒருவரும் அவன்மேல் போடவில்லை, அவனே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். தவறு தன்னுடையது என்று முதலாளிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்ததை 'சோதனை முறையில் நேர்ந்த பிழை' என்று மாற்றச் சொன்னேன். கௌரவமாக இருக்கட்டுமே என்றுதான். அன்றோடு அவனுக்கு வேலை போயிற்று.

அதன் பிறகு பதினொரு புகார்கள் வந்தன என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

சோதித்த க்ரீமில் கொஞ்சம் ஒரு வருஷம் முத்திரையிட்டு வைத்திருப்பது எங்கள் வழக்கம். அதைத் திறந்து அளக்கச் சொல்லி உங்களிடம் மனுக் கொடுத்தவன் அவன்தான் என்று இப்போது சொல்கிறீர்கள். தன் தப்பு எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பான். மருந்து இரண்டு மடங்கு என்று வந்துவிட்டது. நான் இல்லையென்று சொல்லப் போவதில்லை. எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றும் ஆகாது என்று நம்பித்தான் செய்தேன். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சோதனைக்கென்று கலந்ததில் மிச்சம் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். ஒரு டப்பா இருந்தது. அவன் பிள்ளைக்குக் கேட்ட அன்று அதுவும் ஆலை டப்பாவும் அலமாரியில் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. என் மகளுக்கும் கண்ணோரம் உரியும். அதனால் ஆலை டப்பாவை அவனிடம் கொடுத்துவிட்டு, மற்றதை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.