ஏரிக்கரை ஹாலில் எதிரொலி

சாயங்காலம் ஆறு மணிதான். ஆனால் டிசம்பர் மாதத்து ஆறு மணி... நம் மலையில் அது ராத்திரிக்குச் சமம். எமரால்டு ரோட்டிலிருந்து ஏரிக்குப் பிரிகிற கிளைச் சாலை. இரண்டு பக்கமும் கற்பூர மரம். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. ஆம்னி வேனில் ஷகீல். பக்கத்தில் எட்டு வயது மகள் ஃபிசா.

மனிஷா, அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கம் வந்து உட்கார். பிறகு பயமாக இருக்கிறது என்று என் தூக்கத்தைக் கெடுக்காதே.

ஷகீல் வேறு யாருமில்லை, மார்க்கெட்டில் கம்பளிக் கடை வைத்திருக்கும் நம் அப்துல் கஃபாரின் தங்கை ஹாஜிராவைக் கட்டியவர். மைக் செட் போடுகிறவர். கல்யாணமோ, கோயில் நோம்பியோ, அவருடைய பெட்டி ஏறாத மேடை ஊட்டியில் இல்லை. பேய் என்றால் சிரிக்கிற ஆள். இந்தக் கதையைக் கஃபார் வாயாலேயே கேட்டேன். கம்பளி விலையைத் தவிர வேறெதிலும் அவர் பொய் சொல்ல மாட்டார்.

அந்த ஏரிக்கரையில் புதிதாகக் கச்சேரி ஹால் ஒன்று எழுப்பியிருந்தார்கள். கண்ணாடியும் சிமெண்டுமாக, கவிழ்ந்த படகு போல இருக்கும். ஏரியைத் தூர்வாரிய சேற்றைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல்தான் கட்டினார்கள். மறுநாள் திறப்பு விழா. முதல் பாட்டு நம் ஃபிசாவுடையது. ஷகீல் காலையிலேயே மைக் கட்டி முடித்துவிட்டார். ஆனாலும் பெற்ற மனசு கேட்குமா? கூட்டம் வருமுன் பிள்ளை ஒரு தடவை மேடையில் நின்று பழகட்டும் என்று அழைத்து வந்துவிட்டார். அழைத்து வராமலே இருந்திருக்கலாம்.

கதவைத் திறந்துவிட்டது வாட்ச்மேன் சுடலைமணி. உள்ளே கால் வைத்ததும் ஒரு வாடை... நனைந்த ஸ்வெட்டரை நாலு நாள் காயப்போடாமல் சுருட்டி வைத்த வாடை.

"யாராச்சும் வந்துட்டுப் போனாங்களாண்ணா?"

"காலையில நீங்க போனப்புறம் ஒருத்தரையும் உள்ள உடலைங்க பாய். ஏரிக்காத்துங்க, அப்படித்தான் அடிக்கும்."

ஷகீலுக்கு ஒரு பழக்கம். எந்த ஹாலுக்குப் போனாலும் முதலில் ஒரு கை தட்டுவார். ஹால் காலியாக இருந்தால் சத்தம் நாலு சுவரிலும் மோதிச் சுற்றித் திரும்பும். ஆள் நிறைந்திருந்தால் திரும்பாது. உடம்புகளும் துணிமணிகளும் சத்தத்தைக் குடித்துவிடும். காலையில் அந்த ஹாலில் தட்டியபோது மணி அடித்த மாதிரி திரும்பி வந்திருந்தது.

இப்போதும் தட்டினார்.

டப்... அவ்வளவுதான். அங்கேயே அமுங்கிவிட்டது.

இருக்கைகளைப் பார்த்தார். எல்லாம் வெறும் மர நாற்காலி, வரிசை வரிசையாகக் காலி. மறுபடி தட்டினார். டப். பனி இறங்கினால் சத்தம் மாறுமோ என்னவோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவருக்கு மறுநாள் மகள் பாட்டு எடுபட வேண்டுமே என்ற கவலை.

"கண்ணு, நீ பாடு. நான் கடைசி வரிசையில நின்னு கேக்கறேன். என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது, செரியா?"

"செரிங்க அத்தா."

ஃபிசா மேடையில் நின்று பாடினாள். அவர் நடுப்பாதையில் ஏறிப் போனார். கடைசி வரிசைக்கு வந்து திரும்பியபோது... விளக்குகள் போய்விட்டன.

இருட்டு. பிள்ளை பயப்படவில்லை. அப்பா சொன்ன சொல்லைத் தட்டாமல் பாடிக்கொண்டே இருந்தாள். ஷகீல் தடவித் தடவிக் கீழே இறங்கினார். பாதி வழியில், பாட்டு அமுங்கிப்போன நேரம், ஒரு சின்னக் கை அவர் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

"ஃபிசாவா?"

"ஆமாங்கத்தா."

அவளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டபோது, உள்ளே பாட்டின் கடைசி வரி மெல்லக் கேட்டது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். வேனை எடுத்தார்.

வீட்டில் ஹாஜிரா சுடச்சுடச் சோறு போட்டாள். பிள்ளை சாப்பிட்டாள். அதே முகம், அதே ஓட்டைப் பல். சாப்பிட்டதும் ரஜாயைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அம்மா, லைட்ட அணைங்க" என்றாள்.

ஷகீல் விறைத்துப்போய் நின்றார். பத்தடிக்குப் பத்தடி அறை. மெத்தை, தலையணை, துணி மூட்டை. போதாததற்குப் பிள்ளையின் வாய்க்கு மேல் பஞ்சு ரஜாய். ஆனால் அந்தக் குரல்... 'அணைங்க... ணைங்க... ங்க...' என்று பெரிய காலி மண்டபத்தில் நின்று பேசினது போல நீண்டு, சுற்றி, மெல்ல அடங்கியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவு சாத்தும்போது கேட்டதை எதிரொலி என்று நினைத்தாரே... இன்றைக்குச் சாயங்காலம் அந்த ஹாலில் எதிரொலியே இல்லையே!

வேனைத் திருப்பிக்கொண்டு ஏரிக்குப் பறந்தார். சுடலைமணியோடு மேடைக்கு அடியில், திரைக்குப் பின்னால், நாற்காலி நாற்காலியாகத் தேடினார். ஒரு ஈ காக்கை இல்லை. அந்த ஈர வாடையும் இல்லை. கை தட்டினார். மணி அடித்த மாதிரி சத்தம் சுற்றித் திரும்பியது. யார் வந்திருந்தார்களோ, அவர்கள் எழுந்து போயிருந்தார்கள்.

மறுநாள் விழாவுக்கு மகளை அவர் அனுப்பவில்லை. டாக்டர் பார்த்தார், தொண்டையில் கோளாறு இல்லை என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதிவிட்டுப் போனார். பிள்ளை உண்கிறாள், தூங்குகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். குரல் மட்டும் அப்படியே.

அதற்குப் பிறகு ஷகீல் மைக் செட் வேலைக்குப் போகவில்லை. தினமும் சாயங்காலம் அந்த ஹாலுக்குப் போய், காலி மேடையில் நின்று மகளைக் கூப்பிடுகிறார். பைத்தியம் என்று ஊர் பேசுகிறது. கஃபாரும் அப்படித்தான் நினைத்தார், போன வாரம் வரைக்கும்.

போன வெள்ளிக்கிழமை அவர் தங்கை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் ஃபிசா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு நல்ல புத்தி சொல்லலாம் என்று போன் போட்டார். ஷகீல் எடுத்தார், பேசவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே மேடை ஏறியிருக்கிறார் போல. பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு, கஃபார் காதுக்குள் மட்டும், மிக மெல்ல...

"ஃபிசா... கண்ணு... வந்துரு, ஊட்டுக்குப் போலாம்."

எதிரில் பென்சில் நின்றது. பிள்ளை தலையைத் தூக்கி, சுவரைப் பார்த்தபடி, அந்தப் பெரிய குரலில் சொன்னாள்.

"உங்க பக்கத்துலதான் நிக்கறேங்கத்தா... என் கைய உட மாட்டேங்கறாங்க."