பச்சை மாறாத குளம்

திராட்சைக்கு மழை ஆகாது, ஐயா. எங்கள் பக்கத்தில் அதை முந்திரிகைப்பழம் என்போம். மாரி தொடங்கினால் இலையெல்லாம் பூசணம் பிடிக்கும். வெளிநாட்டுப் பழத்தை அரசாங்கம் நிறுத்திய வருடம், யாழ்ப்பாணத்திலிருந்து நடுகிற கொடித்தடி கொண்டுவந்து கிண்ணியாவில் பந்தல் போட்டேன். இந்த மண்ணில் வராது என்று சிரித்தவர்கள் பிறகு வேலியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

பூசணத்துக்குத் துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பேன். நீல மருந்து. மிஞ்சியதும் வாளி கழுவிய தண்ணீரும் சரிவில் இறங்கிக் குளத்துக்குப் போகும். சரிவை நான் உண்டாக்கவில்லை.

அந்தக் குளத்தில் வேலம்பாசி உண்டு. தண்ணீர் அள்ள வரும் பெண்கள் குடத்தால் அதை விலக்கிப் பார்ப்பார்கள். பச்சையென்றால் குடிக்கலாம். வெளுத்திருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள், காரணத்தையும் தேடுவார்கள். மூன்றாம் மாரியில் துறையடிப் பாசி வெளுத்தது. நான் ஊகித்துப் பேசுகிறவனல்ல. ஒரு கிளாசில் பச்சைப் பாசியைப் போட்டு, மருந்தில் சில சொட்டு விட்டேன். இரண்டு நாளில் செத்தது.

ஊருக்குத் தெரிந்தால் பந்தலை வெட்டச் சொல்வார்கள். ஆகவே தம்பலகாமத்து வாய்க்காலிலிருந்து சாக்கில் நல்ல பாசி கொண்டுவந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கும் உச்சி வெயிலில் செத்ததைப் பிடுங்கிவிட்டு, புதியதைக் கல்லில் கட்டித் துறையடியில் நட்டேன். கிழமைக்கு இரண்டு தரம், சைக்கிளில். இந்த வயதில் லேசான வேலையா?

பக்கத்து வீட்டு ஜெஸீமாவுக்குப் பாலில்லை. அவளுடைய குழந்தை பிறந்த நாள் முதல் பால்மாவில்தான் வளர்ந்தது, குளத்துத் தண்ணீரில் கரைத்து. ஒரு வயதில் வயிறு வீங்கிக் கண் மஞ்சளானது. அவள் குடத்தோடு என்னிடம் வந்தாள்.

"காக்கா, தண்ணி கசக்கிறாப்போல இருக்கு. இதாலதான் புள்ளைக்கு ஏலாமப் போச்சோ?"

"வா தங்கச்சி, பாப்பம்."

துறைக்குக் கூட்டிப்போய்ப் பாசியை விலக்கிக் காட்டினேன். முந்தின நாள் நான் நட்டது.

"பச்சையாத்தான் கிடக்கு. நான்தான் வீணாப் பயந்துட்டன், காக்கா."

குடத்தை நானே நிரப்பித் தூக்கிவிட்டேன்.

பிள்ளை நோன்பு மாதத்தில் மௌத்தானது. ரபீக்கா என்று பெயர். ஜனாஸாவில் அழுதேன், அந்த அழுகை பொய்யில்லை. மறுநாள் பாசி மாற்றும் நாள். மாற்றினேன்.

பிள்ளையைப் பார்த்த டாக்டர் தண்ணீரைப் பற்றிப் பொலிசுக்கு எழுதியதால் என்னை இங்கே கூப்பிட்டீர்கள். ஓம், நான்தான். தெரிந்துதான் செய்தேன். என் வீட்டுக்குத் தண்ணீர் மேட்டுக் கிணற்றிலிருந்து.

ஊருக்கு இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். அப்படியென்றால் ஒரு தயவு. நான் இங்கே வந்து இரண்டு நாள். நாளைக்குப் பாசி வெளுத்துவிடும். யாரையாவது ஒரு சாக்குக் கொண்டுபோய் நடச் சொல்லுங்கள். ஜெஸீமா அதைப் பார்த்தால் தாங்கமாட்டாள்.