அனார்குல் ஹெட்போன் மாட்டிக்கொண்ட பிறகு

கீழ் வீட்டு லிதியா போலீஸ்ல எழுதிக் கொடுத்த புகார் நிஜம்தான், தம்பி. போன மாசம் பதினாலாம் தேதி மத்தியானம் என் டிவி சத்தம் ரொம்பவே அதிகமா இருந்துச்சு. நான் மறுக்கல. உக்காருங்க, டீ ஊத்தறேன். தொப்பியைக் கழட்டி அந்த ஆணியில மாட்டுங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், உள் ரூம்ல அனார்குல் தூங்கறா. பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் செத்து இன்னும் நாப்பது நாள்கூட ஆகல. அந்த வீட்ல தனியாப் படுக்க முடியலன்னு என்கூடதான் இருக்கா.

பத்தொன்பது வருஷமா சத்தமே வராத வீட்ல அன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. லிதியா பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ, அவளுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும். இல்லேன்னா ஒரு நாள் சத்தத்துக்கு யாராவது ரெண்டு பக்கம் எழுதுவாங்களா.

என் வீட்ல சத்தம் வராததுக்குக் காரணம் இருக்கு. நானும் அனார்குலும் இந்த டோக்மோக் ஊருக்கு ஒரே வருஷம் வந்தோம், ஒரே தையல் கூடத்துல வேலை பாத்தோம். என் புருஷன் செத்துட்டான். அவளோட முதல் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியப் பாத்துக்கிட்டான். மூணு மணிக்குத் துருக்கித் தொடர் வரும். அவளுக்குக் காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் பாக்கணும், எனக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே பாக்கணும். அதனால அவங்கவங்க வீட்லதான் பாப்போம். நடுவுல இந்த ஒரு சுவர்தான். ரெண்டு டிவியும் பேசினா ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும், ஒரு எழவும் புரியாது. அதனால நான் என் டிவி சத்தத்தை அடியோட குறைச்சிட்டேன். படம் என் வீட்ல, சத்தம் அவ வீட்லேர்ந்து. விளம்பரம் வந்ததும் அங்கேர்ந்து கத்துவா.

"ஏ சால்கின், அந்த மாமியார்காரி முழிச்ச முழியைப் பாத்தியா?"

"பாத்தேன்டி. உன் மாமியார் செத்துப் போயி டிவிக்குள்ள பூந்துட்டாளோன்னு நினைச்சேன்."

"சீ, வாயைக் கழுவு. அவ இதைவிட அழகு."

இப்படிப் பத்தொன்பது வருஷம். நான் ஒண்ணும் பெரிசா ஆசைப்பட்டவ இல்ல தம்பி. அந்த ஒரு மணி நேரம் போதும்னு இருந்தவ.

அப்புறம் பெய்ஷென் வந்தான். மினிபஸ் ஓட்டறவன், பெண்டாட்டிய இழந்தவன். நல்ல மனுஷன், அதை முதல்லயே சொல்லிடறேன். அம்பத்து மூணு வயசுல அனார்குல் அவனைக் கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டவளே நான்தான். விடிகாலை நாலு மணிக்கு வண்டியை எடுப்பான், மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து படுப்பான். தொடர் சத்தத்துல தூக்கம் வராது. வேற ஆளா இருந்தா டிவியைத் தூக்கி உடைச்சிருப்பான். இவன் சந்தைக்குப் போய் வயரில்லாத ஹெட்போன் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். டிவிக்குள்ள எதையோ தேடி ஸ்பீக்கரை மொத்தமா அணைச்சிட்டு, அவ தலையில கிரீடம் வைக்கிற மாதிரி அதை மாட்டிவிட்டான். நான் அப்ப அங்கதான் இருந்தேன்.

"இனிமே துருக்கிக்காரன் எல்லாம் சேந்து கத்தினாலும் எனக்குக் கேக்காது"ன்னான்.

"எனக்கும் கேக்காதே"ன்னேன்.

"உங்க டிவியில சத்தமா இல்ல? கூட்டிக்க வேண்டியதுதானே அக்கா."

எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள வயிறு பத்தி எரிஞ்சுது, அதையும் எழுதிக்கோங்க.

சத்தத்தைக் கூட்டியிருக்கலாம். ரிமோட் கையிலதான் இருந்துச்சு. ஆனா கூட்டிட்டா, அவ இல்லாமலே நான் பாக்கப் பழகிட்டேன்னு ஆயிடும். அதனால சத்தமில்லாமலே பாத்தேன். ஆளுங்க வாயை அசைப்பாங்க, அழுவாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் இவ சிரிப்பு மட்டும் கேக்கும். எதுக்குச் சிரிக்கிறான்னு தெரியாது. விளம்பரம் வரும்போது "ஏ அனார்குல்"னு கூப்பிடுவேன். பதிலே வராது. அஞ்சு வாரம், ஒரு நாள் விடாம கூப்பிட்டேன். படிக்கட்டுல பாத்தா, "கூப்பிட்டியா என்ன? காதுல மாட்டியிருந்தேன்டி"ம்பா. "நான் எதுக்குக் கூப்பிடறேன், எனக்கு வேற வேலை இல்லையா"ம்பேன்.

ஒரு நாள் எண்ணெயில ரொட்டி பொரிச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். அவனுக்கு அன்னிக்கு லீவு. ரெண்டு பேரும் சோபாவுல தலையோட தலை ஒட்டி உக்காந்திருந்தாங்க. ஹெட்போனைத் திருப்பிப் பிடிச்சு, ஒரு பக்கம் அவ காதுல, ஒரு பக்கம் அவன் காதுல. அவன் எந்திரிச்சு எனக்கு இடம் விட்டான். அவ அதைத் தன் தலையில மாட்டிக்கிட்டு, டிவியைப் பாத்தபடியே எனக்கு டீ ஊத்தினா. கிண்ணம் விளிம்பு வரைக்கும் ஊத்தினா.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கிண்ணத்துல பாதிக்கும் கீழ ஊத்தினா, இரு, இன்னும் ஊத்தறேன்னு அர்த்தம். நிரப்பிக் கொடுத்தா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம். பத்தொன்பது வருஷத்துல அவ எனக்கு நிரப்பி ஊத்தினதே இல்ல.

அவ கவனிக்கல. அவன் கவனிச்சான். "அடிப்பாவி, அக்காவுக்குப் போய் இப்படியா ஊத்துவே"ன்னு அவ தோளைத் தட்டினான். அவ ஒரு காதை மட்டும் தூக்கி, "என்ன? ஐயோ, பாக்கலடி"ன்னு சிரிச்சிட்டுத் திரும்பிக்கிட்டா. அவனே அந்தக் கிண்ணத்தை வாங்கிக் கொட்டிட்டு, புதுசாக் கொஞ்சமா ஊத்தி ரெண்டு கையால கொடுத்தான். அவ அவமானப்படுத்தினதைக்கூட நான் தாங்கியிருப்பேன். அதை இவன் பாத்து, என் மேல இரக்கப்பட்டான் பாருங்க, அதுதான் தாங்கல.

டீக்காகச் செஞ்சேன்னு எழுதிடாதீங்க. நான் அவ்வளவு சின்ன மனசுக்காரி இல்ல.

பதினாலாம் தேதி அவன் ரெண்டு மணிக்கு வந்தான். இருமிக்கிட்டே படுத்தான். அவங்க வீட்டு ரெண்டு அறையுமே என் சுவரை ஒட்டித்தான் இருக்கு, எல்லாம் கேக்கும். மூணு மணிக்குத் தொடர் ஆரம்பிச்சுது. மூணேகால் இருக்கும், அவன் குரல் வந்துச்சு. "அனார்குல்... நெஞ்சு... இங்க வா." அவங்க டிவியில சத்தம் இருந்திருந்தா எனக்கே கேட்டிருக்காது. அந்த ஹெட்போன் புண்ணியத்துல தெளிவாக் கேட்டுச்சு. பக்கத்து அறையில அவ சிரிச்சுக்கிட்டு இருந்தா.

போய்க் கதவைத் தட்டியிருக்கலாமேன்னு கேப்பீங்க. தட்டினா அவளுக்குக் கேக்காதே. அவங்க வீட்டுச் சாவி? இருக்கு. உங்க தொப்பிக்குக் கீழ தொங்குது பாருங்க, அதேதான். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணியிருக்கலாம், அதுவும் சரிதான். போன் இந்த மேசை மேலதான் இருந்துச்சு. ஆனா நான் நினைச்சது ஒண்ணுதான். அவளா அதைக் கழட்டட்டும். ஒரே ஒரு தடவை அவளாக் கழட்டி, நம்மள யாராவது கூப்பிட்டாங்களான்னு காது கொடுத்துக் கேக்கட்டும். அஞ்சு வாரமா நான் கேட்டது அவ்வளவுதான்.

அவ கழட்டல. அவன் கொஞ்ச நேரம் பேச்சில்லாம இருந்தான். அப்புறம் மறுபடி கூப்பிட ஆரம்பிச்சான், இந்தத் தடவை பலமா. லிதியாவுக்குக் கேட்டுடும்னு தோணுச்சு. அவ எதுக்கெடுத்தாலும் மாடியேறி ஓடி வர்றவ. அப்பதான் ரிமோட்டை எடுத்து, அத்தனை வருஷத்துல முதல் தடவையா, என் டிவி சத்தத்தைக் கூட்டினேன். முழுசாக் கூட்டினேன். தொடர் நல்லா இருந்துச்சு, தம்பி. அன்னிக்கு அந்த மாமியார் மன்னிப்புக் கேக்கற கட்டம்.

நாலு மணிக்கு முடிஞ்சதும் அணைச்சேன். அஞ்சு நிமிஷத்துல அனார்குல் அலறினா. முதல்ல ஓடினது நான்தான், அக்கம்பக்கத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க. அவ என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. அரை மணி முன்னாடி கூப்பிட்டிருந்தாப் பிழைச்சிருப்பார்னு ஆம்புலன்ஸ்ல வந்த டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிடுச்சு. ஏன் சொல்லணும் அதை, அறிவே இல்ல. அன்னியிலேர்ந்து இவ, "நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன் சால்கின், நான்தான் கொன்னுட்டேன்"னு தலையில அடிச்சுக்கறா. ஹெட்போனைப் பால்கனியிலேர்ந்து வீசிட்டா. நான் தினமும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன் மேல தப்பே இல்லடி"ன்னு சொல்றேன். அது பொய்யில்லையே.

"அவர் என்னைக் கூப்பிட்டிருப்பாரா?"ன்னு கேப்பா.

"இல்லடி. தூக்கத்துலயே போயிட்டார்."

"நிஜமா? உனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"கேட்டிருந்தா நான் சும்மா இருப்பேனா?"

அப்பதான் ஒரு வாய் சாப்பிடுவா. இப்ப மூணு மணிக்கு என் பக்கத்துலயே உக்காந்து தொடர் பாக்கறா. நேத்து ஒரு இடத்துல லேசாச் சிரிச்சா. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா.

டீ ஆறுது, குடிங்க. ஏன் எழுதறதை நிறுத்திட்டீங்க? ஒண்ணு விட்டுப்போச்சு, எழுதறதுன்னா முழுசா எழுதிடுங்க. நடுவுல கொஞ்ச நேரம் பேச்சில்லாம இருந்தான்னு சொன்னேனே. அது சும்மா இல்ல. அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, அவன் என்னைக் கூப்பிட்டான். "சால்கின் அக்கா, இருக்கீங்களா? அவகிட்டச் சொல்லுங்கக்கா." நான் எந்திரிச்சுப் போய்ச் சுவர்ல வாயை வச்சு, "இதோ வர்றேன் பெய்ஷென், அசையாமப் படுத்திரு"ன்னேன். "சரிக்கா"ன்னான். நம்பிட்டான், பாவம். வருவேன்னு அவ்வளவு நேரம் சத்தமே போடாமக் காத்துக்கிட்டு இருந்தான்.

அவனை அனாதையா விட்டுட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாது, தம்பி. கட்டின பெண்டாட்டி பக்கத்து அறையில இருந்தா. அன்னிக்கு அவன் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னது நான் ஒருத்திதான்.