யாரும் கதவு தட்டாத ஊர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், ஊரில் பாதிப் பேரின் முதல் அழுகையைத் தன் காதால் கேட்ட, தலைமைச் செவிலியர் அக்கா அவர்களே! அக்காவுக்கு வலப்பக்கம் விறைப்பாக அமர்ந்திருக்கும் பாட்டில் தொழிற்சாலைச் சங்கத் தலைவர் அவர்களே! இடப்பக்கம், அவர் முகத்தைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் ரொட்டித் தொழிற்சாலைச் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்து, உட்கார இடமின்றி நிற்கும் தாய்மார்களே! வேலைக்கு நேரமாகிறதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் இரவு ஷிப்டுக்காரர்களே! நாளை ஞாயிறு என்ற நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் பகல் ஷிப்டுக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டும் இந்த எளியவனின் பணிவான வணக்கம்.

"நம்ம ஊரைப் பத்தி நாலு வார்த்தை பேசுப்பா" என்றார் அக்கா. "எவ்வளவு நேரம்க்கா?" என்றேன். "வண்டியை ஓட்டுற மாதிரி பேசு. ஜனங்க இறங்கி ஓடுறதுக்குள்ள நிறுத்திடு" என்றார். ஆகவே நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவேன். அஞ்ச வேண்டாம்.

ஊரைப் புகழ நான் வரவில்லை. புகழ்ந்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஊரைப் பழிக்கவும் வரவில்லை. பழித்தால் வீடு போய்ச் சேர மாட்டேன். நான் வண்டியோட்டி. எதையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தே பழகியவன். கண்டதைச் சொல்கிறேன்.

ஓர் ஊர் என்றால் என்ன? அங்கே ஓடும் சாலை. அங்கே உள்ளவர்க்கு உழைப்பும் ஊதியமும் தரும் ஆலை. அங்கே வாழும் மக்களின் தொகை. இந்த மூன்றும் சந்திக்கும் இடம் நகர மன்றம் என்று நினைக்கிறீர்களா? இல்லை, என் வண்டியின் பின்பக்கம்! சாலை ஆட்டுகிறது, ஆலை அடிக்கிறது, மக்கள் படுத்திருக்கிறார்கள்.

சாலையிலிருந்து தொடங்குவோம். நமக்குச் சாலைகள் மூன்று. முதலாவது, சூளைச் சாலை. பாட்டில் லாரிகள் போகும் பாதை. அகலத்துக்குக் குறைவில்லை, கண்ணாடித் தூளுக்கும் குறைவில்லை. அந்தச் சாலையால் வாழ்ந்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் நம் பஞ்சர் கடை மாமா. மாடி வீடு கட்டிவிட்டார். கைதட்டாதீர்கள், அந்த வீட்டில் பாதி நாம் கட்டியது! இரண்டாவது, ரொட்டிச் சாலை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூக்கு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மூன்றாவது, பக்கத்துப் பெருநகரத்துக்குப் போகும் பெரிய சாலை. பெயர்தான் பெரியது. பாதி வழியில் ஒரு ரயில்வே கேட். அதைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

ஆலைகள் இரண்டு. பாட்டில் தொழிற்சாலையின் சூளைக்கு ஒரு குணம் உண்டு. அது அணையக் கூடாது. அணைந்தால் உள்ளே உருகி நிற்கும் கண்ணாடி உறைந்து, சூளையையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே அதற்கு ஞாயிறு இல்லை, நல்ல நாள் இல்லை, நள்ளிரவு இல்லை. ரொட்டித் தொழிற்சாலைக்கோ வேறு குணம். நாடு விழிக்கும்போது ரொட்டி கடையில் இருக்க வேண்டும். ஆகவே நாடு உறங்கும்போது நாம் மாவு பிசைய வேண்டும். ஒன்று இரவிலும் எரிகிறது, ஒன்று இரவில்தான் எரிகிறது. கணவன் சூளையில், மனைவி ரொட்டியில். இருவரும் காலையில் வந்து கட்டிலில் விழுந்தால் ஊர் அடங்குகிறது.

ஊரெல்லாம் உறங்கும் நேரம் ஒன்று உண்டு என்றால், நம் ஊரில் அது உச்சி வெயில்!

அதனால் நம்மிடம் ஒரு வழக்கம் பிறந்தது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. சட்டம் போட்டதும் யாரும் இல்லை. இரவு வேலை முடித்து வந்தவர், கையுறையைக் கழற்றிக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுவார். கையுறை தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று பொருள். அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. பால்காரர் தட்டமாட்டார். தபால்காரர் தட்டமாட்டார். காய்கறி வண்டிக்காரர் கூவமாட்டார், சக்கரம் கிறீச்சிடுவதைக் கேட்டுத்தான் நாம் இறங்கி வருவோம். கடன் கொடுத்தவன்கூடக் கையுறையைக் கண்டால் திரும்பிப் போய்விடுவான்.

என்ன? பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். ஆமாம் தம்பி, வேலையே இல்லாத சிலரும் கையுறை மாட்டுகிறார்கள், எனக்கும் தெரியும். பேரைச் சொல்லட்டுமா? வேண்டாம், உன் மாமனார் முன்வரிசையில் இருக்கிறார்.

இனி மக்கள் தொகை. நம் ஊரில் எத்தனை பேர்? நீங்கள் நாற்பதாயிரம் என்பீர்கள். அரசாங்கம் பதினெட்டாயிரம் என்கிறது. மீதிப் பேர் எங்கே போனார்கள்? கொள்ளை நோயில் போனார்களா? கூண்டோடு குடிபெயர்ந்தார்களா? எங்கும் போகவில்லை அன்பர்களே, படுத்திருந்தார்கள்!

மூன்றாண்டுக்கு முன் கணக்கெடுத்தவர் நம் கணக்கு டீச்சர். கணக்கில் புலி. ஒற்றை இலக்கத்தில்கூடப் பிழை விடாதவர். வெயிலில் தெருத் தெருவாக நடந்தார். கையுறை தொங்கிய கதவு ஒவ்வொன்றையும் பார்த்தார். தட்டவில்லை. மாலையில் திரும்பி வந்தார். அதற்குள் ஆட்கள் வேலைக்குப் போய்க் கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீடு, ஆளில்லாத வீடு. விதி அப்படி. எழுதிவிட்டார்.

நான் நேரே போய்க் கேட்டேன். "ஏன் டீச்சர், ஒரு தட்டு தட்டியிருக்கலாமே?"

"நான் எப்படிப்பா தட்டுவேன்? என் வீட்டுக்காரரே ரொட்டிக் கம்பெனில ராத்திரி வேலை. அந்தத் தூக்கத்தோட அருமை எனக்குத் தெரியாதா? யாராவது எழுப்பினா அவரு அன்னிக்கு முழுக்க மனுஷனா இருக்க மாட்டாரு" என்றார்.

அவர் மீது குற்றம் சொல்லாதீர்கள். வேறெந்த ஊர்க்காரர் வந்திருந்தாலும் தட்டியிருப்பார். அவர் நம்மவர், அதனால் தட்டவில்லை. நாம் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையே நம் கணக்கில் மண்ணைப் போட்டுவிட்டது.

மண் எங்கே விழுந்தது? பிரசவ அறையில் விழுந்தது. பதினெட்டாயிரம் பேர் உள்ள ஊருக்குப் பிரசவ அறை தேவையில்லை என்றார்கள். கட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அறையில் இப்போது பழைய நாற்காலிகள் கிடக்கின்றன. அன்று முதல் நம் ஊர்ப் பெண்கள் பிள்ளை பெற என் வண்டியில் ஏற வேண்டும். பெரிய சாலையில் போக வேண்டும். ரயில்வே கேட்டில் நிற்க வேண்டும்.

ஒரு காலை வேளை. கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. என்ஜின் என் கண்ணுக்குத் தெரியவில்லை, கடைசிப் பெட்டியும் தெரியவில்லை. பின்னால் அக்கா குரல்: "வண்டியை விட்டு இறங்குடா, அந்தப் பக்கம் திரும்பி நில்லு!" திரும்பி நின்றேன். பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஆண் குழந்தை. இன்றும் அவனை 'கேட்டு' என்றுதான் கூப்பிடுகிறோம். அதோ, தாய்மார்கள் பக்கம் ஒலிபெருக்கிக் கம்பியை இழுத்துக்கொண்டிருக்கிறானே, அவனேதான். அம்மா, அவனைப் பிடியுங்கள், என் பேச்சு பாதியில் நின்றுவிடும்!

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் இன்னொரு நாள், வேறொரு ரயில். அன்றும் இறங்கித் திரும்பி நின்றேன். அழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. ரயில் நகர்ந்தது, கேட் திறந்தது, பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அக்கா, "மெதுவாவே போப்பா. இனி அவசரமில்ல" என்றார். அந்தத் தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். எந்த வரிசை என்று நான் பார்க்க மாட்டேன். நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அதற்குப் பிறகு அக்காவும் நானும் பெருநகரத்துக்குப் போய் அதிகாரியைப் பார்த்தோம். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"உங்க ஊர்ல ஆளே இல்லையேம்மா" என்றார்.

"இருக்காங்க சார்" என்றார் அக்கா.

"இருந்தா எங்க?"

"தூங்குறாங்க சார்."

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. "சரி, இன்னொரு தடவை எண்ணச் சொல்றேன். ஆனா வெளியூர் ஆளுங்க வருவாங்க. ஞாயித்துக்கிழமை, பகல்ல. ஒரு தடவை தட்டுவாங்க. திறக்கலேன்னா போயிட்டே இருப்பாங்க. உள்ள நாலு பேர் தூங்குறாங்கன்னு வாயால சொன்னா எடுபடாது. ஒவ்வொருத்தரையும் கண்ணால பாக்கணும்" என்றார்.

அந்த ஞாயிறு நாளை.

இரவுக்காரர்களே! இன்று வேலைக்குப் போவீர்கள், காலையில் வீடு திரும்புவீர்கள். கையுறையை மாட்டாதீர்கள்! கட்டிலில் சாயாதீர்கள்! கதவைத் திறந்து வைத்துக் கண்ணைத் திறந்து வைத்து வாசலில் உட்காருங்கள்!

யாரங்கே? உரக்கச் சொல்லுங்கள். "தூங்காம சூளைக்குப் போனா கை போயிடும்ண்ணே!" சரியாகச் சொன்னீர்கள். அதை மறுக்க நான் யார்? தூக்கம் கெட்டுச் சூளைக்குப் போனவரின் கையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனவன் நான். ஒரு கணக்குக்காக ஒரு கையைக் கேட்க நான் இந்த மேடை ஏறவில்லை.

ஆகவே என் கேள்வி இப்போது இந்தப் பக்கம் திரும்புகிறது. பகல்காரர்களே, சாய்ந்தது போதும், சற்றே நிமிருங்கள்! நாளை இரவு சூளை முன்னே யார் நிற்பது? மாவு மேடை முன்னே யார் நிற்பது? ஷிப்டு மாறுவது வாரக் கணக்கில்தான், ஆகவே ஒரே ஒரு வாரம். நீங்கள் இரவுக்குப் போக வேண்டும், அவர்கள் பகலுக்கு வர வேண்டும். மேலாளர்கள் இருவரிடமும் கேட்டாயிற்று. "ஆள் வந்தா போதும், எந்த முகம்னு பாக்க மாட்டோம்" என்கிறார்கள்.

நான் கேட்பது சின்ன உதவி அல்ல, அறிவேன். இரவிலிருந்து பகலுக்கு வர நம் ஊரில் எத்தனை ஆண்டு ஆகிறது? எத்தனை பேர் தலைமுடி நரைத்தபின் வந்தீர்கள்? பகலுக்கு வந்தவர் எவரும் இரவுக்குத் திரும்பியதில்லை. அது இந்த ஊரில் மானப் பிரச்சினை. "என்னடா, உன்னை மறுபடி ராத்திரிக்குத் தள்ளிட்டாங்களா?" என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்! 'தள்ளவில்லை, நானே போனேன்' என்று சொல்லுங்கள்!

இதுவரை எட்ட நின்றே பேசினேன். இனி முடியவில்லை. என் தங்கை இங்கே இருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். அண்ணன் வண்டியோட்டி, ஆகவே கவலையில்லை என்று எல்லோரும் அவளிடம் சொல்கிறார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அந்தக் கேட்டில் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க என்னால் இன்னொரு முறை முடியாது.

அந்த அதிகாரியிடம் எழுந்து வரும்போது கேட்டேன்: "சார், வயித்துல இருக்கிற குழந்தையையும் ஒரு ஆளா சேத்துக்குவீங்களா?" அவர் சொன்னார்: "பிறந்தாதான்ப்பா கணக்கு."

அன்புக்குரியவர்களே, பிறந்தால்தான் கணக்கு என்கிறது சட்டம். பிறப்பதற்கு ஓர் அறை கேட்கிறது குழந்தை. கணக்கு வந்தால்தான் அறை என்கிறது அரசாங்கம். அந்தக் கணக்கில் நிற்க வேண்டியது யார்? பிறக்காதவனா நிற்பான்? பேசாதவனா வாதாடுவான்? பிறந்தவர்கள் நிற்க வேண்டும்! இந்த ஊரில், அந்த அறையில், அக்காவின் கையில் பிறந்தவர்கள் நிற்க வேண்டும்!

நாளை இரவு வேலைக்குப் போகிறேன் என்கிற பகல்காரர்கள் எழுந்து நில்லுங்கள். கை தூக்க வேண்டாம், கோஷம் வேண்டாம். நின்றால் போதும்.

...

சூளை மேஸ்திரி எழுந்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருப்பவர். ஐயா, நன்றி. அவர் பக்கத்தில் இருவர். ரொட்டிப் பக்கம் ஒரு வரிசை முழுக்க. பாட்டில்காரர்கள் எழுந்தார்கள் என்பதற்காகவா எழுந்தீர்கள்? பரவாயில்லை, எதற்காக எழுந்தாலும் நின்றது நின்றதுதான்! தலைவர்கள் இருவரும் எழுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தும்விட்டார்கள். பின்னால் இன்னும், இன்னும்... என் கண்ணுக்கு எட்டும்வரை நாற்காலியே தெரியவில்லை.

இதற்குமேல் பேச எனக்கு வார்த்தை இல்லை. தலைமை ஏற்ற அக்காவுக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கால் கடுக்க நின்ற தாய்மாருக்கும், எழுந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

தங்கச்சி, நீ ஏம்மா எழுந்திரிச்சே? நீ உட்காரு. உனக்காகத்தான் நாங்க நிக்கிறோம்.