டயரின் உள்விளிம்பு

தாழ்த்திய காரில் டயர் ஒருபக்கமாகத் தேயாமல் பார்த்துக்கொள்வது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை சார். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைக் கீழே இறக்கினால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும், பாரமெல்லாம் டயரின் உள்விளிம்பில் இறங்கும். அந்தச் சாய்வை முடிந்தவரை நிமிர்த்தி, முன்சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்கும்படி அலைன்மென்ட் செய்து, காற்றைச் சரியாக வைத்து, அவ்வப்போது டயர்களை இடம் மாற்றிப் போட்டால் போதும். மீசை அரும்பிய நாளிலிருந்து எனக்கு இந்த வேலைதான். அதனால்தானே வெடித்த டயரை மேஜைமேல் வைத்துக்கொண்டு என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

தப்பு ஓட்டியவர் மேலா, வண்டி மேலா என்று கேட்கிறீர்கள். ஓட்டியவர் என் மாப்பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மகள். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை தங்கமான மனுஷர். அந்தக் கார் ஒன்றுதான் அவருக்குப் பைத்தியம். வண்டிக்கு அடியில் ஒரு பூனைக்குட்டிகூட நுழைய முடியாது, அவ்வளவு தாழ்வாக இறக்கி வைத்திருந்தார். "அப்பா, இவருக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ அவதான், நான் இளையவ" என்று மகள் கேலி செய்வாள். அவர் அசடு வழியச் சிரிப்பார். அவர்கள் இருந்தது அரைநாள் பயணத் தூரத்தில். அங்கேயும் அலைன்மென்ட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் "மாமா கை பட்டாத்தான் வண்டிக்கு நல்லது" என்று மெனக்கெட்டு என்னிடம் கொண்டுவருவார்.

மனைவி போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன், வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். "வர்றோம்பா, வர்றோம்பா" என்று மகள் போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளுக்கும் வேலை, அவருக்கும் வேலை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் தடவை நடந்தது சத்தியமாகக் கைத்தவறு. டை ராடு என்று ஒரு கம்பி உண்டு, அதைத் திருப்பித்தான் சக்கரத்தை நேராக்குவோம். திருப்பியதும் அதன் நட்டை இறுக்க வேண்டும். மகள் கடைக்குள்ளேயே வந்து நின்று அவள் ஆபீஸ் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டேன். கொஞ்ச மாதத்திலேயே உள்விளிம்பு மொழுக்கென்று தேய்ந்து வண்டி திரும்பி வந்தது. நான் கூனிக்குறுகிப் போனேன். அவர்களோ சிரித்துக்கொண்டு இறங்கினார்கள், இரண்டு நாள் தங்கினார்கள். மகள் சமைத்தாள், என் அலமாரியை ஒழித்து வைத்தாள், என் பழைய சட்டைகளைக் காட்டி என்னைத் திட்டினாள். அவள் போட்டுவிட்டுப் போன ஈரத் துண்டு கதவின் மேலேயே கிடந்தது. எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தத் தடவை புது டயர் போட்டு எல்லா அளவையும் சரியாக வைத்து நட்டையும் இறுக்கினேன். வண்டியைக் கீழே இறக்கும் முன்னால் கொஞ்சம் நின்றேன். இப்படிச் சரியாகவே போனால் வண்டி இனி எப்போது திரும்பி வருமோ என்று தோன்றியது. ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தி, டை ராடை இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பி, மறுபடி இறுக்கினேன். சக்கரங்கள் துளி வெளிப்பக்கம் பார்க்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினால் ஸ்டீயரிங் நேராகவே நிற்கும், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தேய்வதும் உள்பக்கம். அவ்வளவு தாழ்ந்த வண்டிக்கு அடியில் யார் படுத்துப் பார்ப்பார்கள்? அடுத்த முறை சரியாக வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறையும் அப்படியேதான் நினைத்தேன்.

வரும்போதெல்லாம் மாப்பிள்ளை தன்னையே நொந்துகொள்வார். "நான்தான் மேடு பள்ளம் பாக்காம ஓட்டுறேன்போல மாமா" என்பார். "இறக்குன வண்டின்னா அப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை, விடுங்க" என்பேன், வாய் கூசாமல். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அவர்கள் கடைசியாக வந்துபோனபோது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். ரப்பர் முழுக்கப் போய், உள்ளே இருக்கும் கம்பி விரலில் குத்தியது. அந்த டயரை அன்றைக்கே கழற்றி எறிந்திருக்க வேண்டும். ஆனால் புதிது போட்டால் அது தேய நாளாகும். அதோடு காலையில்தான் மகள் "வேலை மாறுதுப்பா, இனிமே அடிக்கடி வர முடியாது" என்று சொல்லியிருந்தாள். நான் மாப்பிள்ளையிடம், "இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அடுத்த மாசம் வாங்க, மாத்திடலாம்" என்றேன். விரலில் ரத்தம் கசிந்ததைப் பார்த்துவிட்டு மகள்தான் பதறிப்போய்த் துணி கட்டிவிட்டாள்.

அந்த அடுத்த மாதம், என்னிடம் வரும் வழியில், மழையில் இந்த டயர் வெடித்தது. "கிளம்பிட்டோம்பா. சேந்து சாப்பிடலாம், சாப்பிடாம இருங்க" என்று போனில் சொல்லியிருந்தாள். நான் சாப்பிடாமல்தான் காத்திருந்தேன். வண்டி தடுப்புச் சுவரில் மோதியது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். இனி இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு வெறும் கீறல்.

பார்த்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள், அவரைப் பெற்றவர்கள் உட்பட. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு, "என் ஆட்டத்தால உங்க பொண்ணை இப்படி ஆக்கிட்டேன் மாமா" என்று அழுதார். அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, "நடந்தது நடந்துபோச்சு" என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்று சுற்றி நின்றவர்கள் என்னை மெச்சினார்கள். மாப்பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை சார். செய்தது நான். முதலில் அதை எழுதுங்கள்.

மகள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவார், உள்ளே வரவே கூச்சப்பட்டு வாசலில் நிற்பார். "என்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அவள் கேட்கிறாள். "மாமா பாத்துக்கிற மாதிரி என்னால பாத்துக்க முடியுமா?" என்று அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். முடியும் என்று நான் சொல்லியிருக்கலாம்.

இன்னும் ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய சக்கர நாற்காலி ஒருபக்கமாக இழுக்கிறது. அவளாக உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்தால் பாதியிலேயே சுவரில் போய் முட்டிவிடும். "அப்பா" என்று கூப்பிடுவாள், நான் ஓடிப்போய்த் திருப்பிவிடுவேன். புதிதாக வாங்கி வந்தபோது அது நேராகத்தான் ஓடியது. ஒரே ஒரு நட்டு, ஸ்பேனரை எடுத்தால் நொடியில் முடிகிற வேலை. அடுத்த முறை அவள் கூப்பிடும்போது சரியாக வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.