பல் டாக்டரின் பால் ஜக்கு

மேடையில் இருக்கும் நம் வட்டத்தின் மூத்தவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அக்கா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு நூலகத்தின் இந்த மாடி அறைக்கு வந்திருக்கும் நண்பர்களே,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். முகம் கழுவவில்லை. காப்பி போடவில்லை. என் கண்ணாடி அலமாரியைத் திறந்து, நடுத்தட்டில் இருந்த உப்புக் குப்பிகளை ஓரமாகத் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் ஒதுக்கினேன். நம் தலைவர் பல் டாக்டர் அவர்களின் பால் ஜக்குக்காக! அவருக்கு அஞ்சலியாக என்ன பேசுவது என்று யோசிப்பதற்கு முன்பே அவருடைய பொருளுக்கு இடம் பார்த்துவிட்டேன். அப்படிப்பட்டவள்தான் அவரைப் புகழ வந்து நிற்கிறேன்.

ஆனாலும் புகழத்தான் வேண்டும். அந்தக் காலத்து விமானங்களில் பரிமாறிய வெள்ளி முலாம் பாத்திரங்களைத் தேடி அலைபவர்கள் இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறோம் என்று நமக்கே சொன்னது யார்? டாக்டர்! விருந்து வீட்டில்கூடக் கரண்டியைக் கவிழ்த்து முத்திரை தேடும் பைத்தியங்களை ஓர் அறையில் உட்காரவைத்தது யார்? டாக்டர்!

பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் காப்பிப் பாத்திரத்துக்குள் விட்டு, "எங்கே, ஆ காட்டு" என்பார். முலாம் போய் உள்ளே பித்தளை தெரிந்தால், "சொத்தை இருக்கு. ஆனா பிடுங்க வேண்டாம்" என்பார். நம் வக்கீல் அய்யா ஒருமுறை தட்டு பளபளக்க வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்து, நடுவில் இருந்த விமானக் கம்பெனிச் சின்னத்தையே அழித்துவிட்டார். "வக்கீல் சார், சாட்சியையே காலி பண்ணிட்டீங்களே!" என்று டாக்டர் சொன்னபோது சிரிக்காதவர் யார்? வக்கீல் அய்யா இப்போதும் சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நாமெல்லாம் வாங்கினோம், பூட்டினோம். அவர் வாங்கினார், சாப்பிட்டார். அந்த வீட்டு ரொட்டித் தட்டு, சூப் ஸ்பூன், வெண்ணெய்க் கத்தி எல்லாமே என்றோ வானத்தில் பறந்தவை. அவர் மனைவி, நம் அக்கா, சொல்வார்: "ஃப்ளைட்ல ஏறுங்கன்னா இவருக்கு வயித்தைக் கலக்கும். ஆனா மூணு வேளையும் ஃப்ளைட் சாப்பாடு வேணும்!"

சந்தையில் ஒரே பொருளை இருவர் பார்த்துவிட்டால் சண்டை வரக்கூடாது என்று டாக்டர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். முதலில் தொட்டு "கை வெச்சாச்சு" என்று சொல்பவருக்கே அது. மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. நல்ல வழக்கம். சந்தைக்கு நல்ல வழக்கம். அதை நோயாளியின் படுக்கை அறைக்குள் கொண்டுபோனது யார்? நாம்தானே! நலம் விசாரிக்கப் பழத்தோடு போனோம். கிளம்பும்போது ஒருவர் தட்டைத் தொட்டார், ஒருவர் கிண்ணத்தைத் தொட்டார். "டாக்டர், கை வெச்சாச்சு!" விளையாட்டுப்போலச் சொன்னோம். அவரும் சிரித்தார். விளையாட்டுத்தானா அது?

கடைசியாக நான் போனபோது, தலையணையில் சாய்ந்து அந்த ஜக்கில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். விமானம் குலுங்கினாலும் கவிழாதபடி அகலமான அடி. சிந்தாமல் ஊற்ற ஒரு மூக்கு. நடுங்கும் கைக்கென்றே செய்ததுபோல இருந்தது. அவர் குடித்து வைத்ததும் தொட்டேன்.

"டாக்டர், இதுல நான் கை வெச்சாச்சு."

"செயலாளரம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார்.

எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்!

சற்று முன் இந்த நூலகப் படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தினார். துணியில் சுற்றிய ஜக்கை என் கையில் கொடுத்தார். "நீ கை வெச்சதாச்சேம்மா, எடுத்துக்கோ. நீ போனதுக்கப்புறம் இதுல ஒரு வாய் தண்ணி குடிக்கல அவர். 'அது அந்தம்மாவோடது, நான் கை தவறிப் போட்டா நசுங்கிடும்'னுட்டார். டம்ளர்ல குடிச்சா பாதி கழுத்துலதான் போகும். சொன்னா கேக்கணுமே!"

குறையாகச் சொல்லவில்லை, நண்பர்களே. தன் கணவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று பெருமையாகச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மத்தவங்கல்லாம் எப்பம்மா வருவீங்க? நான் சாப்பிட ஒரு ஸ்பூனாவது விட்டுட்டுப் போவீங்களா?"

தாகத்தோடு படுத்திருந்தவரிடமிருந்து அவர் குடித்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டவள் நான். முத்திரையைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் கை நடுங்கியது தெரியவில்லையா? தெரிந்தது! தெரிந்தேதான் தொட்டேன். அக்கா, இதை உங்கள் முன்னால் சொல்வது உங்களை இன்னும் வருத்தும். சொல்லாமல் அவரைப் பெரிய மனிதர் என்று பேசிவிட்டு இறங்க எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு முன்னால் பேசிய வக்கீல் அய்யா என்னை அடுத்த தலைவராக முன்மொழிந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டாக்டர் வீட்டுக்குப் போய், அவரவர் கை வைத்ததை எடுத்துவர ஏற்பாடு செய்யும்படியும் சொன்னார். தலைவர் பொறுப்பை ஏற்கிறேன். டாக்டர் நடத்திய வட்டம் நடக்கும். புதிதாக வருபவருக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுபோலவே சொல்லிக்கொடுப்போம். இது என் உறுதி.

இன்னொன்றை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த ஒலிவாங்கி முன் நிற்கும்போதுதான் முடிவு செய்தேன். அந்த வீட்டில் நாம் வைத்த எந்தக் கையும் செல்லாது. முதலில் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் போகப்போவதில்லை. அக்கா, இந்த ஜக்கும் சேர்த்து அத்தனையும் உங்கள் வீட்டுப் பாத்திரங்கள். சாப்பிடுங்கள், தேயுங்கள், கீறல் விழட்டும்.

நண்பர்களே, உங்களில் கோபப்படுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். அக்காவிடம் போகாதீர்கள்.