ஒரு வாய்த் தண்ணி

— கையைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். முதுகு விங்ஸை விரிக்காதீங்க, விரிச்சா பூசற கலர் கோடு கோடா நிக்குது.

— நான் எங்க விரிச்சேன் டீச்சர்? அது தானா விரிஞ்சு நிக்குது. அறுபதைத் தாண்டியும் அடங்க மாட்டேங்குது, நான் என்ன பண்ண?

— பீத்திக்காதீங்க. மூச்சை விடுங்க, யாரும் பாக்கலை.

— வயித்துல சதை தொங்குதா? தொட்டுப் பாத்துச் சொல்லு.

— தொட்டா பூசின கலர் போயிடும்.

— அப்ப கண்ணால பாத்துச் சொல்லு.

— பாத்துட்டேன், ஒட்டித்தான் கிடக்கு. நல்ல வேளை கதவு சாத்தியிருக்கு. ரிட்டயர் ஆன வாத்தியாரம்மா, ஸ்பாஞ்சும் கையுமா ஜட்டி போட்ட கிழவர் பின்னாடி நிக்கறா. என்கூட வேலை பாத்தவங்க யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?

— சுவத்துக்கு வெள்ளையடிக்கறான்னு நினைப்பாங்க. இவ்வளவு அகலமான சுவரு உன் ஸ்கூல்லயே கிடையாது.

— வாய் மட்டும் இன்னும் சாம்பியன்தான். ஆமா, எதுக்குங்க இவ்வளவு பாடு? மார்க்கு கிடையாது, பட்டம் கிடையாது. பழைய ஆணழகன் சாம்பியனுங்களை மேடையில நிறுத்தி கைதட்டி அனுப்பப் போறாங்க. சட்டையோடயே போய் நின்னிருக்கலாம்.

— சட்டையோடயா? பாடகனைக் கூப்பிட்டு, வாயை மூடிக்கிட்டு நில்லுன்னா நிப்பானா? நாலு போஸ் குடுக்கச் சொல்லியிருக்காங்க. அதுவும் யார் பக்கத்துல? ஒட்டகத்துக்குப் பக்கத்துல!

— வந்தாச்சா. ஒட்டகம் இல்லாம உங்களுக்கு ஒரு பேச்சும் முடியாதே.

— பின்ன? எங்க கோச்சு சும்மாவா அந்தப் பேரை வெச்சாரு? போட்டின்னா நாள் கணக்கா தண்ணியை நிறுத்திடுவான். உதடு வெடிச்சாலும் ஒரு சொட்டு தொட மாட்டான். தோல் அப்படியே சதையில போய் ஒட்டிக்கும், நரம்பு கயிறு கயிறா தெரியும். காலையில வாசல்ல தூரத்துல இருந்து பாத்தேன். பயல் இன்னும் காய்ஞ்ச கட்டையாத்தான் இருக்கான்.

— இருக்கட்டும். அதுக்கு நீங்க ஏன்... ஏங்க, ஒரு நிமிஷம். இப்படித் திரும்புங்க. வாயைத் திறங்க.

— எதுக்கு?

— நாக்கை நீட்டுங்க.

— நான் என்ன உன் கிளாஸ் பையனா?

— கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எப்பத்திலிருந்து தண்ணி குடிக்கலை?

— குடிச்சேனே.

— எப்ப?

— கார்ல வரும்போது.

— கார்ல கொப்புளிச்சுத் துப்புனீங்க. நானும் மறதியா இருந்துட்டேன் பாருங்க. உதடு வெள்ளை பூத்திருக்கு. பேசும்போது நாக்கு மேலண்ணத்துல ஒட்டி டக்கு டக்குன்னு சத்தம் வருது. எப்பத்திலிருந்து?

— நேத்து காலையிலிருந்து. சும்மா ஒரு நாள், டீச்சர். அந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு கணக்கா?

— அந்தக் காலத்துல உங்களுக்கு ரெண்டு கிட்னி இருந்துச்சு.

— இப்பவும் ரெண்டுதான். ஒண்ணு ரெஸ்ட் எடுக்குது.

— சிரிக்க எனக்கு நேரமில்லை. இந்தாங்க பாட்டில். குடிங்க.

— மேடையை விட்டு இறங்குனதும் முழுசா குடிக்கறேன். இப்பக் குடிச்சா அந்தத் தண்ணி நேரா போய் தோலுக்கும் சதைக்கும் நடுவுல உக்காந்துக்கும். ராத்திரி நம்ம ஜிம்மை மூடினப்புறம் மாசக்கணக்கா தனியா நின்னு ஏத்துன கட்டிங், இந்தச் சதைக் கோடெல்லாம், மொழுமொழுன்னு ஆயிடும்.

— ஓ. ஜிம்முல கணக்கு வழக்கு பாக்கறேன்னு லேட்டா வந்ததெல்லாம் இதுக்குத்தானா? சரி. ஸ்பாஞ்சைக் கீழ வெச்சுட்டேன்.

— ஏய், பாதி முதுகுதான் ஆயிருக்கு!

— ஆமா. வலது பக்கம் தேக்கு, இடது பக்கம் சுண்ணாம்பு. அப்படியே போய் நில்லுங்க.

— விளையாடாதே டீச்சர். முதுகு என் கைக்கு எட்டாது. ஷோல்டர் ரெண்டும் எப்பவோ போயிடுச்சு. தலை சீவவே எனக்கு நீ வேணும்.

— தெரியும். தெரிஞ்சுதான் வெச்சேன்.

— கொஞ்சம் நினைச்சுப் பாரு. அச்சாபீஸ்ல பேப்பர் கட்டு தூக்கிக்கிட்டிருந்தவன் நான். வெயிட் வாங்க வக்கில்லை. பெயின்ட் டப்பாவுல சிமென்ட் ஊத்தி, நடுவுல பைப்பைச் சொருகி, மொட்டை மாடியில தூக்கினவன்.

— அந்த டப்பா ஒண்ணு உருண்டு விழுந்துதானே எங்க வீட்டுத் தொட்டி உடைஞ்சுது. எங்கப்பா சண்டைக்கு வந்தாரு.

— வந்தவரு என் கையைப் பாத்துட்டு, தம்பி நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போனாரு. அப்புறம் பொண்ணையும் குடுத்தாரு.

— அவர் ஒண்ணும் குடுக்கலை. நானா வந்தேன்.

— சரி, வந்த. வந்து என்ன பாத்த? காலே இல்லாத ஒருத்தனைப் பாத்த. மேல பீரோ, கீழ குடைக்கம்பின்னு ஜிம்மே சிரிச்சுது. நான் என்ன பண்ணேன்? கண்ணாடியில மேல் பாதிக்குப் பேப்பர் ஒட்டி மறைச்சேன். கால் மட்டும் தெரிஞ்சா போதும்னு. வருஷக்கணக்கா ஜிம்முல என் மூஞ்சியை நானே பாத்ததில்லை. வாந்தி வர்ற வரைக்கும் தோள்ல வெயிட்டோட உக்காந்து எழுந்தேன். வீட்டுக்கு வந்து மாடிப்படியை உக்காந்துக்கிட்டே ஏறினேன்.

— நான் பின்னாடி நின்னு தள்ளினேன். மறந்துட்டீங்க.

— மறக்கலை. நீ அவிச்சுப் போட்ட உப்பில்லாத கோழியையும் மறக்கலை.

— உங்களுக்கு உப்பில்லாம வெச்சுட்டு, நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு உப்பு போட்டுச் சாப்பிட்டேன். என் வீட்டுலயே நான் திருடி.

— அப்படி ஏறினவன் நான். உள்ளூர் மேடை, வெளியூர் மேடை, பாஷை தெரியாத நாட்டு மேடை. முன்னாடி திரும்புனா கைதட்டு, பின்னாடி திரும்புனா விசில். நான் முதுகைக் காட்டினா மத்தவனெல்லாம் மூட்டை கட்டிடுவான். போன இடத்துல எல்லாம் ஜெயிச்சேன். ஒரே ஒரு பட்டம்தான் கையை விட்டுப் போச்சு.

— ஏன் நிறுத்திட்டீங்க? எப்படிப் போச்சுன்னும் சொல்லுங்க.

— அது எதுக்கு இப்ப?

— ஏன், ஜிம்முக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே. "என் சம்சாரம் ஊத்துன ஒரு வாய்த் தண்ணியில போச்சுடா உலகப் பட்டம்"னு.

— அது தமாஷுக்கு.

— கேக்கறவங்களுக்குத் தமாஷ். அன்னிக்குக் காலையில நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கண்ணு ரெண்டும் உள்ள போய், ஓட்டல் கட்டில் ஓரமா உக்காந்து, குழாய் சொட்டற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே அழுதீங்க. கண்ணீர்கூட வரலை. என்னால பாக்க முடியலை. ஒரு வாய் ஊத்துனேன். மேடையில உங்க ஒட்டகம் முதலா வந்தாரு, நீங்க ரெண்டாவதா வந்தீங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரே வார்த்தைதான் பேசுனீங்க.

— கோவத்துல சொன்னது, டீச்சர்.

— "நீதான் என்னைத் தோக்கடிச்ச." அடுத்த போட்டிக்கு என்னை ரூமுக்குள்ளயே விடலை. வேற ஆளை வெச்சு கலர் பூசிக்கிட்டீங்க. மேடைக்குப் பின்னாடி படியில சுருண்டு விழுந்தீங்க. அதோட போட்டியும் போச்சு, ஒரு கிட்னியும் போச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் என்னைத்தான் பிடிச்சுக்கிட்டாரு, "கூட இருந்தவங்க ஒரு வாய்த் தண்ணி குடுக்கக் கூடாதா"ன்னு. குடுத்தாலும் பழி எனக்கு, குடுக்கலைன்னாலும் பழி எனக்கு.

— போதும், விடு டீச்சர்.

— இன்னும் கேளுங்க. சாப்பாட்டு மேஜையில உங்க டம்ளர்ல தண்ணி ஊத்தும்போதெல்லாம் எனக்குக் கை கூசுது. இன்னிக்கு வரைக்கும் கூசுது. ஒரு நாளாவது உங்களுக்குத் தெரிஞ்சுதா?

— தெரியாது.

— இப்பத் தெரிஞ்சுக்கங்க. டாக்டர் என்ன சொல்லியிருக்காரு? இன்னொரு தடவை வத்திப்போனா அந்த ஒரு கிட்னியும் கையை விரிச்சுடும்னு சொன்னாரா இல்லையா? எனக்கு நீங்க வேணும். உங்க கட்டிங் வேண்டாம். குடிங்க.

— அஞ்சே நிமிஷம். ஒரு தடவை, அவன் பக்கத்துல, அவனைவிடக் காய்ஞ்சு நின்னுட்டு வந்துடறேன். அப்புறம் சாகற வரைக்கும் நீ சொன்னபடி கேக்கறேன்.

— சாகற வரைக்கும்னா இன்னிக்கு சாயங்காலம் வரைக்குமா? ...யாரது கதவைத் தட்டறது?

— நான்தான் தங்கச்சி, ஒட்டகம். உள்ள வரலாமா?

— வாங்கண்ணே. நீங்களே வந்து இவரைப் பாருங்க.

— அடேயப்பா, மச்சான்! அதே முதுகுடா. பாதிதான் பூசியிருக்கு, அதுக்கே எனக்கு வயிறு எரியுது.

— எரியட்டும், எரியட்டும். கூப்பிட்டுட்டாங்களா?

— இன்னும் இல்லை. இளவட்டமெல்லாம் மேடையில நிக்குது, அடுத்து நாமதான். மச்சான், நான் உன்னைப் பாக்க வரலை. தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்கறது வெறும் பலகை. ஒட்டுக்கேக்கலை, சத்தியமா. தானா காதுல விழுந்துது.

— விழுந்தா என்னண்ணே. ஊருக்கே தெரிஞ்ச கதைதானே.

— நான்தான் ஊர்லயே இல்லையே, தங்கச்சி. பட்டம் வாங்கின கையோட வேற நாட்டுக்குப் போனவன், இந்த விழாவுக்குத்தான் திரும்பியிருக்கேன். நீங்க ஒரு வாய் குடுத்தது எனக்குத் தெரியாது. அதுக்கு இவன் உங்களைச் சொன்னதும் தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்து வாயைத் திறந்திருப்பேன்.

— என்னடா சுத்தி வளைக்கற? விஷயத்துக்கு வா.

— என் கையில என்ன இருக்குன்னு பாரு, மச்சான்.

— தண்ணி பாட்டில். டேய், பாதி காலி! மேடை ஏறப் போற நேரத்துலயா?

— இது ரெண்டாவது. முதல் பாட்டில் ரூம்ல உருண்டுகிட்டு கிடக்கு.

— சரிதான். உனக்கு வயசாயிடுச்சு. பழக்கத்தை விட்டுட்ட.

— இன்னிக்கு விட்டது இல்லைடா. உன்னை ஜெயிச்ச அன்னிக்கே விட்டது.

— உளறாதே. அன்னிக்கு உன் பக்கத்துல நின்னவன் நான். உன் உடம்புல ஒவ்வொரு நரம்பும் எழுந்து நின்னுச்சு.

— நின்னுச்சுல்ல? கேளு. அதுக்கு முன்னாடி நாள் எல்லாரையும் எடை போட்டாங்களே, அங்க நீ சட்டையைக் கழட்டின. உன் முதுகைப் பாத்தேன். அவ்வளவுதான், நம்ம கதை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுபோச்சு. எப்படியும் இவன்கிட்டத் தோக்கப் போறோம், தாகத்தோட வேற ஏன் தோக்கணும்னு தோணிச்சு. காலையில எழுந்து குழாயில வாயை வெச்சவன், வயிறு முட்டக் குடிச்சுட்டுத்தான் எடுத்தேன். மேடைக்கு வந்து கையை மடக்கினா, சத்தியமா மச்சான், சதை உருண்டு திரண்டு எழுந்திரிக்குது. எனக்கே பயமா போச்சு.

— அப்ப... தண்ணி தோலுக்கடியில போய் உக்காரலையா?

— சதைக்குள்ள போய் உக்காந்துச்சுடா. பின்னாடி ஒரு டாக்டர்கிட்ட நைசா விசாரிச்சேன். சதைங்கறதே முக்காவாசி தண்ணிதானாம். அதை வத்த வெச்சா முதல்ல சப்பையாகறது சதைதானாம். அன்னிக்கு நீ காய்ஞ்சுதான் இருந்த, நான் இல்லைங்கலை. ஆனா காத்து இறங்கின பந்து மாதிரி இருந்த. நான் நிறைஞ்சு இருந்தேன். நடுவருங்க அதைத்தான் பாத்தாங்க.

— இத்தனை வருஷமா ஏன்டா யார்கிட்டயும் சொல்லலை?

— எப்படிடா சொல்வேன்? ஒட்டகம் ஒட்டகம்னு தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. குழாயில வாய் வெச்சுக் குடிச்சுட்டுத்தான் ஜெயிச்சேன்னு சொன்னா மானம் போயிடாதா? தாகத்தைத் தாங்கறதுதான் வீரம்னு நாம எல்லாருமே நினைச்சுக்கிட்டிருந்தோம். தங்கச்சி, அழறீங்களா?

— இல்லைண்ணே. கலர் கண்ணுல பட்டுடுச்சு. இத்தனை வருஷம்ணே... நான்தான் இவரைத் தோக்கடிச்சேன்னு நானே நம்பிட்டேன்.

— நல்லா இருக்கே. அன்னிக்கு இவன் மேடையில விழாம நின்னதே நீங்க குடுத்த அந்த ஒரு வாயிலதான்மா.

— ஏங்க. கேட்டீங்களா? என் முகத்தைப் பாத்து ஏதாவது சொல்லுங்க.

— பாட்டிலைக் குடு, டீச்சர்.

— மெதுவா. மெதுவாக் குடிங்க, புரையேறப் போகுது. இவ்வளவு தாகத்தை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் வாயடிச்சீங்க?

— அப்பாடா. சரி, அவன் முன்னாடியே சொல்றேன். நான் உன்னைச் சொன்னது தப்பு. பெரிய தப்பு. ஆனா தப்பு உன் மேலயும் ஒண்ணு இருக்கு.

— என் மேலயா? இன்னுமா?

— பின்ன? கட்டின புருஷன் கண்ணு முன்னாடி காய்ஞ்சு கிடக்கான், ஒரே ஒரு வாயோடயா நிறுத்துவ? ஒரு ஜக்கு ஊத்தியிருந்தா அந்தப் பட்டம் இப்ப நம்ம வீட்டுலல்ல இருந்திருக்கும்!